ஒரு கோலை அடைகாப்பவர்கள்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு இரண்டு குரல்கள் நன்றாகப் பழகியிருக்கும். "ஏத்தி அடிடா!" என்பது ஒன்று. "போலைக் கீழ வைச்சு விளையாடுங்கடா!" என்பது மற்றது. இரண்டையும் கத்துபவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். புதிதாக வந்தவர் பார்த்தால், இந்த மனிதருக்கு என்ன வேண்டுமென்று அவருக்கே தெரியவில்லையே என்று நினைப்பார்.

அவருக்கு நன்றாகத் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு, சூடாகவும் வறண்டும் கிழக்குக்கு வந்து சேரும். அந்தக் காற்றுக்கு முதுகு கொடுத்து விளையாடும் அணி தூக்கி அடித்தால் பந்து கோல் காப்பாளரையும் தாண்டி மதிலுக்கு அப்பால் போய் விழும். எதிர்க்காற்றில் தூக்கி அடித்தாலோ, பந்து நடுவானில் நின்று யோசித்துவிட்டு அடித்தவன் பக்கமே திரும்பி வரும். முதல் பாதியில் சரியாக இருந்த ஆலோசனை இரண்டாம் பாதியில் பிழையாகிவிடுகிறது. காற்று மாறவில்லை, பக்கம் மாறியிருக்கிறது. ஆக, ஒரே வாயிலிருந்து வரும் அந்த இரண்டு கூச்சலிலும் முரண்பாடு இல்லை. நாணயச் சுழற்சியில் வென்ற அணித்தலைவர் இந்த ஊரில் பந்தைக் கேட்காமல் பக்கத்தைக் கேட்பதும் இதே கணக்கில்தான்.

அவருடைய உண்மையான கோபம் வேறு ஒன்றைப் பற்றியது. நம்முடைய அணி இருபதாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டுவிடும். உடனே என்ன நடக்குமென்று மைதானத்தைச் சுற்றி நிற்கும் சின்னப் பொடியனுக்கும் தெரியும். முன்கள வீரன் ஒருவனை மட்டும் நடுக்கோட்டில் அநாதையாக விட்டுவிட்டு மற்றவர்கள் எல்லாரும் பெனால்டி கட்டத்துக்குள் போய்க் குந்திக்கொள்வார்கள். அகப்பட்ட பந்தையெல்லாம் வெளியே அடிப்பார்கள். அடித்த பந்து திரும்பி வரும். மறுபடியும் அடிப்பார்கள். எழுபது நிமிடம் இப்படியே போய், கடைசி நிமிடத்தில் யாருடைய முழங்காலிலோ பட்டு ஒரு கோல் வாங்குவார்கள். "போட்ட ஒரு கோலை வைச்சு அடைகாக்கிறானுகள்" என்பார் மதிலில் இருக்கும் அந்த அண்ணன். எனக்குத் தெரிந்து உதைபந்தாட்ட உத்தி பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடையாது. முட்டையின் மேல் உட்கார்ந்த கோழி இரை பொறுக்கப் போகாது. அதுதான் அதன் பலவீனமும்.

இந்த அடைகாத்தல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். பிரித்துக்கொண்டே போனால், மைதானத்தில் தெரியும் கோழைத்தனமும், 2021இல் ஐரோப்பாவின் பணக்காரக் கழகங்கள் பன்னிரண்டு சேர்ந்து தனியே பிரிந்து போகப் பார்த்ததும் ஒரே அடையில் பொரித்த இரண்டு குஞ்சுகள் என்று தெரியவரும்.

தூக்கி அடிக்கும் ஆட்டத்துக்கு ஒரு தத்துவ ஆசான் உண்டு. சார்ள்ஸ் ரீப் என்று பெயர். பிரித்தானிய விமானப்படையில் கணக்காளராக இருந்தவர். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் கழகத்தின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில் பொறுமை இழந்து, பென்சிலை எடுத்து ஒவ்வொரு பந்துப் பரிமாற்றத்தையும் குறிக்கத் தொடங்கினார். பிறகு ஆயுள் முழுக்க அதையே செய்தார். அவர் கண்டுபிடித்தது இது: நூறு கோலில் ஏறத்தாழ எண்பது, மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களில் விழுந்தவை. ஆகவே பத்துப் பேர் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பது வீண், விரைவாக முன்னால் அடித்துவிடு என்பது முடிவு. இங்கிலாந்தின் பயிற்சி நெறியில் இந்தக் கருத்து பல பத்தாண்டுகள் ஊறிக் கிடந்தது.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. ரீப்பின் சொந்தக் குறிப்புகளின்படியே, ஓர் ஆட்டத்தில் நடக்கும் எல்லா நகர்வுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மூன்று பரிமாற்றங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. பின்குடாவில் நூறு வள்ளம் கடலுக்குப் போகிறது என்று வையுங்கள். தொண்ணூறு சின்ன வள்ளம், பத்துப் பெரியது. கரைக்கு வந்த மீனில் நூற்றுக்கு எண்பது பங்கு சின்ன வள்ளங்களில் வந்தது. இதை வைத்துச் சின்ன வள்ளம்தான் கெட்டி என்று யாராவது சொல்வார்களா? பத்தே பத்துப் பெரிய வள்ளம் இருபது பங்கு கொண்டுவந்திருக்கிறதே என்றுதான் சம்மாட்டி பார்ப்பார். நீண்ட நகர்வுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பலனில் கூடுதல் என்பதைத்தான் ரீப்பின் எண்கள் உண்மையில் சொல்லின. அவர் அதைத் தலைகீழாக வாசித்துவிட்டார்.

ஆனாலும் பிழையான கணக்கு மட்டும் ஒரு பழக்கத்தை இவ்வளவு காலம் காப்பாற்றாது. உள்ளே ஒரு நியாயமும் இருக்கிறது. பலவீனமான அணிக்கு ஆட்டத்தில் எவ்வளவு குறைவாகச் சம்பவங்கள் நடக்கின்றனவோ அவ்வளவு நல்லது. கெட்டிக்காரனோடு நூறு கை சீட்டு ஆடினால் நிச்சயம் தோற்பீர்கள். மூன்று கை மட்டும் ஆடினால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம் வரவும் கூடும். 2004இல் கிரேக்கம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது இப்படித்தான். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் 1-0. முதல் ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் சொந்த மண்ணில் விளையாடிய போர்த்துக்கலை அது வென்றது. பார்க்கச் சகிக்காத ஆட்டம் என்று உலகமே முணுமுணுத்தது. கிரேக்கர்களுக்கு அதைப்பற்றி என்ன? இல்லாதவன் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு சாப்பிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் உள்ளவன் சாத்தும்போதுதான் கேள்வி வருகிறது.

இன்னொரு அடுக்கு, போட்டி நடக்கும் முறை. நம் பக்கத்துச் சுற்றுப்போட்டிகள் பல விலகல் முறையில் நடக்கின்றன. ஒரு தோல்வி, வீட்டுக்குப் போகலாம். பயிற்றுவிப்பாளர் என்ன செய்வார்? 0-0 என்று இழுத்துக்கொண்டு போய்ப் பெனால்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். லீக் முறையில் அப்படியல்ல. இந்த ஞாயிறு தோற்றாலும் அடுத்த ஞாயிறு இருக்கிறது. அதனால் பரீட்சித்துப் பார்க்க மனம் வரும், பதினேழு வயதுப் பொடியனை இறக்கிப் பார்க்கத் துணிவு வரும். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்ததை 1981இல் இங்கிலாந்து மூன்றாக்கியதும், 1994 உலகக் கிண்ணத்தில் அது வந்ததும் சமநிலையோடு திருப்திப்படுபவர்களை உசுப்பத்தான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று புள்ளிக்காகப் பாய்ந்து ஒரு கோல் போட்டவர்கள், அந்த மூன்றும் போய்விடுமே என்று முன்னைவிட இறுக்கமாக அடைகாக்கத் தொடங்கினார்கள்.

பயிற்றுவிப்பாளரின் உத்தி அவருடைய தலைக்குள் மட்டும் பிறப்பதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். எந்தப் போட்டியில் விளையாடுகிறார், தோற்றால் என்ன இழப்பார் என்பதிலிருந்து அது பிறக்கிறது. அப்படியென்றால் அடுத்த கேள்வி, போட்டியின் அமைப்பை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது.

லீக் என்ற ஏற்பாடே கழகங்கள் தாமாகச் செய்துகொண்டது. 1888இல் அஸ்டன் வில்லா கழகத்தின் வில்லியம் மக்கிரெகர் என்பவர் முன்கையெடுத்து, இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் இருந்த 12 கழகங்களைச் சேர்த்தார். அதுவரைக்கும் நட்பு ஆட்டங்களும் கிண்ணப் போட்டிகளும்தான். எதிரணி வருமா வராதா என்று தெரியாது, வாசலில் பணம் சேருமா என்று தெரியாது. நிச்சயமான அட்டவணை வேண்டுமென்பதே அவர்களுடைய தேவை. தொடக்கத்தில் அது கதவடைத்த லீக்தான். தானாக மேலேறுவதும் கீழிறங்குவதும் 1898இல்தான் வந்தது. அதன் பிறகும் அடிமட்டப் பிரிவின் கதவு 1987 வரை வாக்கெடுப்பால்தான் திறந்தது. எனவே, பழைய லீக் எல்லாம் புனிதம், புதிதாகப் பிரிவதெல்லாம் பாவம் என்று பேசுபவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1992இல் இன்னொரு பிரிவு நடந்தது. இங்கிலாந்தின் முதற் பிரிவில் இருந்த 22 கழகங்களும் சேர்ந்து பழைய லீக்கிலிருந்து விலகி பிரீமியர் லீக்கைத் தொடங்கின. ஸ்கை தொலைக்காட்சி முதன்மையாக நின்ற ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி 304 மில்லியன் பவுண். அதுவும் பணத்துக்காகப் பிரிந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் போகும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கீழேயிருந்து ஏறிவரும் வழி அப்படியே இருந்தது. 2008-09இல் மூன்றாம் மட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த லெஸ்டர் சிட்டி, 2016இல் பிரீமியர் லீக் சம்பியன். பருவம் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் அதற்குக் கொடுத்த விலை ஒன்றுக்கு ஐயாயிரம்.

இனி 2021. ஏப்ரல் 18ஆம் திகதி ஞாயிறு இரவு லண்டனில் அறிக்கை வெளியானபோது இங்கே திங்கள் விடியற்காலை. இங்கிலாந்திலிருந்து ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மன்செஸ்டர் சிட்டி, மன்செஸ்டர் யுனைட்டட், டொட்டன்ஹாம். ஸ்பெயினிலிருந்து ரியல் மட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக்கோ மட்ரிட். இத்தாலியிலிருந்து ஜுவென்டஸ், ஏசி மிலான், இன்டர். இந்தப் பன்னிரண்டும் 'சுப்பர் லீக்' தொடங்குவதாகச் சொன்னது அந்த அறிக்கை. மொத்தம் 20 அணி. அதில் 15 இடம் நிரந்தரம். எவ்வளவு தோற்றாலும் அந்தப் பதினைந்தையும் யாரும் வெளியேற்ற முடியாது. மீதி ஐந்து இடத்துக்கு மட்டும் மற்றவர்கள் ஆண்டுதோறும் அடிபட்டுக்கொள்ளலாம். பணம் போட முன்வந்தது ஜேபி மோர்கன் வங்கி. நிறுவன அங்கத்தவர்களுக்கு 3.5 பில்லியன் யூரோ பிரித்துக் கொடுப்பதாகப் பேச்சு. தலைவர், ரியல் மட்ரிட்டின் ஃபுளோரன்டினோ பெரெஸ்.

அன்றைய பிரீமியர் லீக் பட்டியலைப் பாருங்கள். லெஸ்டர் மூன்றாம் இடம், வெஸ்ட் ஹாம் நாலாம் இடம். இரண்டுக்கும் அழைப்பில்லை. டொட்டன்ஹாம் ஏழாவது, ஆர்சனல் ஒன்பதாவது. இரண்டும் நிரந்தர அங்கத்தவர்கள். டொட்டன்ஹாம் கடைசியாக லீக் வென்றது 1961இல். அன்று பிறந்த பிள்ளைக்கு 2021இல் அறுபது வயது. ஊரில் ஒரு சொல் உண்டு: ஆண்ட பரம்பரை. ஆண்டதற்கும் சான்றில்லாமல் பரம்பரையை மட்டும் கேட்டது இது.

டொட்டன்ஹாம் ரசிகர்களின் அந்தத் திங்கட்கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அந்தப் பருவம் முழுக்க அவர்களுடைய முறைப்பாடு, பயிற்றுவிப்பாளர் ஜொசே மொரின்யோவின் அணி ஒரு கோல் போட்டதும் பின்னுக்குப் போய் அடைகாக்கிறது என்பது. முன்னிலை வகித்த ஆட்டங்களைக் கடைசியில் கைவிட்டுக்கொண்டே இருந்தார்கள். எதிரணியைப் பார்த்து, கோலுக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று 2004இல் ஏளனம் செய்து அந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியவர் இதே மொரின்யோ. அன்று அவர் செல்சியின் பயிற்றுவிப்பாளர், பஸ்ஸை நிறுத்தியதாக அவர் சொன்ன அணி டொட்டன்ஹாம். பதினேழு ஆண்டுக்குப் பிறகு அதே டொட்டன்ஹாமில் அவரே சாரதி ஆசனத்தில். சுப்பர் லீக் அறிவிப்பு வந்த மறுநாள் காலை, ஏப்ரல் 19, கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஆறு நாளில் கிண்ண இறுதி ஆட்டம். 29 வயது றையன் மேசன் இடைக்காலப் பொறுப்பெடுத்து, மன்செஸ்டர் சிட்டியிடம் 1-0 என்று தோற்றார்.

ரசிகர்கள் கேட்டது கிடைத்தது என்று சொல்லலாமா? அடைகாக்கும் பயிற்றுவிப்பாளர் போனார். ஆனால் அவரை அனுப்பிய நிர்வாகம் அதற்கு முந்தைய இரவு செய்தது என்ன? கழகத்தின் இடம் போய்விடுமே என்று பயந்து, அந்த இடத்தையே நிரந்தரமாக எழுதி வாங்கப் பார்த்தது. ஒரு கோல் முன்னிலையை மொரின்யோ எப்படிக் கட்டிப்பிடித்தாரோ, அப்படியே பெரிய கழகம் என்ற பெயரை அவர்கள் கட்டிப்பிடித்தார்கள். மைதானத்தில் பஸ்ஸை நிறுத்தியவருக்கு வீடு. லீக்கின் வாசலில் பஸ்ஸை நிறுத்தியவர்களுக்குப் பங்கு இலாபம்.

முதலாளிகளின் பயம் பொய்யான பயமல்ல, அதையும் சொல்ல வேண்டும். கொரோனாவால் அரங்குகள் வெறுமையாகக் கிடந்தன, கடன் மலையாக ஏறியிருந்தது. சம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறாத ஓர் ஆண்டு என்றால் வரவுசெலவில் பெரிய பள்ளம். ஆனால் இந்த ஆட்டத்தைப் பார்க்க வைப்பதே அந்தப் பயம்தான் என்பதை அவர்கள் மறந்தார்கள். கடைசி மூன்று இடத்தில் உள்ள அணிகள் மே மாதத்தில் எப்படி விளையாடும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே விழ இடமில்லாத லீக்கில் பதினான்காம் இடத்தில் இருப்பவன் எதற்காக ஓடுவான்? அப்போது பயிற்றுவிப்பாளரைத் திட்டுவதற்குக்கூடக் காரணம் இருக்காது.

பெரெஸ் தொலைக்காட்சியில் தோன்றி, இளையவர்கள் இந்த ஆட்டத்தில் ஆர்வம் இழக்கிறார்கள், பெரிய அணிகள் அடிக்கடி மோதினால்தான் உலகம் பார்க்கும் என்ற வகையில் வாதாடினார். இங்கிலாந்து ஊடகங்களில், அரங்குக்கு வரும் 'மரபு ரசிகர்கள்' ஒரு வகை, கடல் கடந்து திரையில் பார்க்கும் 'எதிர்கால ரசிகர்கள்' இன்னொரு வகை என்று திட்டக்காரர்கள் பிரித்துப் பேசுவதாகச் செய்தி வந்தது. எதிர்கால ரசிகர் என்று அவர்கள் சொன்னது யாரை? நம்மைத்தான். சாமம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, வீட்டில் மற்றவர்களை எழுப்பாமல் சம்பியன்ஸ் லீக் பார்க்கிற உப்புவெளிக்காரரையும் கிண்ணியாக்காரரையும். நம்முடைய பெயரில் ஒரு கலியாணம் பேசியிருக்கிறார்கள், நமக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் தேநீர்க் கடையில் ஒரு பொடியன் கேட்டான்: "அண்ணன், இனி லிவர்பூலும் பார்சிலோனாவும் எந்த நாளும் விளையாடுமாம், நல்லதுதானே?" அண்ணன் சொன்னார்: "பெருநாளைக்குப் புரியாணி ஆக்கினா அது புரியாணி, தம்பி. எந்த நாளும் ஆக்கினா அது சோறு." பெரெஸுக்கு இதைவிட நல்ல பதிலை ஐரோப்பாவில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சரிந்த கதை எல்லாருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பயேர்ன் மியூனிக்கும் டோர்ட்முண்டும் ஆரம்பத்திலேயே சேர மறுத்தன. ஜேர்மனியில் கழகத்தின் பெரும்பான்மை வாக்குரிமை அங்கத்தவர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், அங்கே ஒரு முதலாளி இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட முடியாது. ஏப்ரல் 20 மாலை செல்சி ரசிகர்கள் அரங்கின் தெருவை அடைத்து நின்றார்கள். இங்கே நள்ளிரவு தாண்டியதும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விடிவதற்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் விலகிவிட்டன. அறிவிப்பிலிருந்து ஏறத்தாழ நாற்பத்தெட்டு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் தர்மவான்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமும் அதே ஏப்ரல் 19இல் தன் சம்பியன்ஸ் லீக்கை 32 அணியிலிருந்து 36 ஆக்கும் திட்டத்தை நிறைவேற்றியது. பழைய பெருமையை வைத்து இரண்டு இடம் கொடுக்கும் யோசனையும் அதில் இருந்தது; அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். 2023 டிசம்பர் 21இல் ஐரோப்பிய நீதிமன்றம், புதிய போட்டிகளுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற சம்மேளனங்களின் விதி போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சுப்பர் லீக் சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சந்தையில் கடையும் வைத்துக்கொண்டு, சந்தைக்குத் தலையாரியாகவும் இருந்துகொண்டு, புதிதாக யார் கடை போடலாம் என்பதை வெளிப்படையான அளவுகோல் எதுவுமில்லாமல் தீர்மானிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் நாம் நம்முடைய நாட்டுக்குத் திரும்ப வேண்டும். ஐரோப்பாவில் சுப்பர் லீக் பிறந்து செத்த அதே 2021இல் இலங்கையிலும் ஒரு சுப்பர் லீக் பிறந்தது. நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனமே தொடங்கிய முதல் தொழில்முறை லீக் அது. பத்து அணி. கொழும்பு எஃப்சி, ரினோன், ரட்ணம், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவை நியூ யங்ஸ், அப்கண்ட்ரி லயன்ஸ். இவற்றோடு தரைப்படையின் டிபெண்டர்ஸ், வான்படையின் புளூ ஈகிள்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ். பெருந்தொற்றால் இடையில் நின்று, பிறகு தொடர்ந்து, புளூ ஸ்டார் சம்பியனானது. பட்டியலை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் இல்லை.

திருகோணமலைக்காரனுக்கு அதில் ஒரு தனிக் குத்தல் உண்டு. இது கடற்படையின் ஊர். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இந்த இயற்கைத் துறைமுகத்தில் தளம் வைத்திருந்தது. கப்பல் வந்து நிற்கும் நாட்களில் மாலுமிகள் பந்தடிப்பதைப் பார்த்தே நம்மவர்கள் பழகினார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. இன்றைக்கும் கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் இங்கேதான். கடற்படைக்கு அந்த லீக்கில் அணி இருந்தது. துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஊருக்கு இல்லை.

யாரும் வேண்டுமென்று கதவைப் பூட்டவில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தொழில்முறை லீக் என்றால் நிபந்தனைகள் உண்டு. ஆசிய சம்மேளனத்தின் கழக உரிம முறை, தரமான மைதானம், இளையோர் அணிகள், சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர், கணக்காய்வு செய்த கணக்கு என்று கேட்கும். தவறான கேள்விகள் அல்ல. ஆனால் மாலையில் மீன் வாடியிலிருந்தும் மேசன் வேலையிலிருந்தும் நேரே மைதானத்துக்கு வரும் பொடியன்களை வைத்து அணி நடத்தும் கழகத்துக்கு அவை எவ்வளவு உயரம் என்று யோசியுங்கள். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் ஏறி விடிய இறங்கி, பின்னேரம் விளையாடி, மறுபடி இரவு ரயில். மின்விளக்கும் புல்தரையும் தரத்துக்கு இல்லையென்றால் 'சொந்த மண்' ஆட்டத்தையும் அங்கேயே போய் விளையாட வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. படிகளின் உயரம்தான் ஓர் ஆள் உயரமாக இருந்தது.

இதற்கு முன் 2018இல் வேறொன்று நடந்தது. ஐபிசி தமிழ் ஊடகம் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்று ஒன்றை ஏற்பாடு செய்தது. யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் ஆட்டங்கள் நடந்தன. பல அணிகள் கலந்துகொண்டன. நம்முடையது ட்ரிங்கோ டைட்டன்ஸ். அதுவும் ஏற்பாட்டாளர்கள் அமைத்த அணிகளைக் கொண்ட லீக்தான். கீழேயிருந்து வென்று வந்து சேர்ந்தவர்கள் அல்ல. தத்துவப்படி பார்த்தால் பெரெஸின் லீக்கைக் குறைசொன்ன வாயால் இதையும் குறைசொல்ல வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. மனம் வராததற்குக் காரணத்தைத் தேடிப் பார்த்தேன். அறைக்குள் இருப்பவன் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுவது ஒன்று. அறைக்குள் இடம் கிடைக்காதவன் முற்றத்தில் பந்தல் போடுவது வேறொன்று. 1977இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பக்கர் கிரிக்கெட் வீரர்களைப் பிரித்துக்கொண்டு போனபோது, கேவலமான சம்பளத்துக்கு விளையாடிக்கொண்டிருந்த வீரர்கள் ஏன் போனார்கள் என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பிரிவு என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைப்பதால்தான் குழப்பம்.

ஆனால் பந்தல் பந்தல்தான். அதற்கு மேலே மாடியில்லை. ட்ரிங்கோ டைட்டன்ஸில் நன்றாக விளையாடிய ஒரு பொடியன், அதே கழகத்தோடு அடுத்த மட்டத்துக்கு ஏறிப்போக எந்த ஏணியும் இருக்கவில்லை. இந்தியாவில் 2014இல் எட்டு அணியோடு தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக் இதே சிக்கலில்தான் நெடுங்காலம் கிடந்தது. சென்னையின் அணி இரண்டு தரம் சம்பியனானது, அரங்கில் கூட்டமும் வந்தது. ஆனால் கீழ் லீக்கில் வென்ற அணி மேலே ஏறிவர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்முடைய மாவட்டத்தில் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் என்று தனித்தனி லீக்குகள் உண்டு. இத்தகைய லீக்குகளின் வாக்கில்தான் சம்மேளனத்தின் தலைவர் தெரிவாகிறார். அந்தத் தெரிவில் வந்த தகராறும் அரசின் தலையீடும் முற்றி, 2023 ஜனவரி 21இல் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதி வரை தடை. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று அதே கிண்ணத்தின் அன்றைய வடிவத்தைத் தூக்கிய நாடு. கொழும்பில் நாற்காலிக்கு நடந்த சண்டையில், கிண்ணியாவில் பூட்ஸ் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவனின் ஓர் ஆண்டு போயிற்று. நாற்காலியில் இருப்பவர்களும் அடைகாக்கிறார்கள் என்று அண்ணன் சொல்லக்கூடும். சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

கடந்த ஆடி மாதத்து ஆட்டம் ஒன்று. இரண்டாம் பாதி, நம்முடைய அணிக்கு எதிர்க்காற்று, முன்னிலை 1-0. மைதானத்து ஓரத்தில் வழக்கம்போல மான்கள் இரண்டு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தன. பின்களம் மெல்ல மெல்லப் பெனால்டி கட்டத்துக்குள் இறங்கத் தொடங்கியது. பந்தைத் தூக்கி அடித்தார்கள், கச்சான் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி கொடுத்தது. மதிலில் இருந்த அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "முன்னுக்குப் போங்கடா, தோத்தாலும் பரவாயில்ல, முன்னுக்குப் போங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வலது பக்கம் நின்ற மெலிந்த பொடியன் ஒருவன், அதைக் கேட்டானோ என்னவோ, அடுத்த பந்தைத் தூக்கி அடிக்காமல் காலடியில் நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தான். பயிற்றுவிப்பாளர் கோட்டோரம் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து, "அடி, வெளிய அடி!" என்றார். பொடியன் பந்தோடு நடுக்கோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.